கருடன் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்

"நீங்க சொன்னா சரி டீச்சர். நீங்க சொல்லிட்டேள்னா அப்புறம் மறுபேச்சே கிடையாது."

எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில், காலை பதினோரு மணி வெயிலில், செக்ரட்டரி வரதராஜன் இப்படிச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிரே, கிழக்குச் சுவரை ஒட்டிய தென்னையின் கொண்டையில், குச்சியும் கந்தல் துணியுமாக ஒரு கூடு. கூட்டின் ஓரத்து மட்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு பறவை. நான் பைனாகுலரில் அதைப் பார்த்தேன். அது வெறும் கண்ணால் என்னைப் பார்த்தது.

அது கருடனா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான். கருடன் என்றால் கூடு மரத்தில் இருக்கும். இல்லையென்றால் மறுநாள் காலை மரமேறி வந்து பிரித்துப் போட்டுவிடுவார். தீர்ப்பு என் வாயில் இருந்தது. வாயில் அப்போது வெயிலுக்கு வாங்கிக் கொடுத்த ஜிகர்தண்டாவும் இருந்தது.

போன வாரம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷன் கூத்துகளை எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு கே.கே. நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஊர்ல இருக்கிற எல்லாரையும் வாருறீங்க டீச்சர். உங்களை எப்போ வாருவீங்க?" நியாயமான கேள்வி. இந்த வாரம் என் முறை.

சறுக்குமரம் இருந்த இடத்தில் பெருமாள்

நான் முசிறிப் பக்கத்துக்காரி. திருச்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்று, கொள்ளிடத்துக் காற்று வரும் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பி ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தவள். காற்று வருகிறது. கூடவே அசோசியேஷனும் வருகிறது என்பதை விளம்பரத்தில் சொல்லவில்லை.

இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் பெருமாள்தான். ஆனாலும் எங்கள் காம்பவுண்டுக்கென்று சொந்தமாக ஒரு பெருமாள் வேண்டும் என்று அசோசியேஷன் ஏகமனதாகத் தீர்மானித்தது. குழந்தைகளின் சறுக்குமரத்தைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் சின்னதாக ஒரு சன்னிதி கட்டினார்கள். குழந்தைகளுக்கு ஓட்டுரிமை இல்லாததால் தீர்மானம் ஏகமனதாகவே இருந்தது.

பெருமாளுக்கு எதிரே சுதையில் ஒரு கருடாழ்வார். பெயின்டர் அவருக்குக் கிளிப்பச்சையில் இறக்கை தீட்டியிருந்தார். "டீச்சர், நீங்க பட்சி சாஸ்திரம் படிச்சவா. கலர் சரியா இருக்கா?" என்று வரதராஜன் கேட்டார். வரதராஜன் அரசாங்கத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நிபுணரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி, ஃபைலில் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "எந்தக் கருடனுக்கும் பச்சை இறக்கை கிடையாது" என்றேன். பெயின்டர் கோபித்துக்கொண்டு, "மேடம், டப்பா திறந்தாச்சு" என்றார். சாஸ்திரம் தோற்று டப்பா ஜெயித்தது.

அடுத்து கும்பாபிஷேகம். நான் அப்படிச் சொன்னபோதெல்லாம் இரண்டாவது மாடி வேதவல்லி மாமி பொறுமையாகத் திருத்தினார். "பெருமாளுக்கு சம்ப்ரோக்ஷணம்னு சொல்லணும் டீச்சர்." மாமி நல்லவர். சமையலில் கைதேர்ந்தவர். சகுனம் பார்ப்பதில் அதைவிட.

சம்ப்ரோக்ஷணத்தில் ஒரு முக்கியமான கட்டம் இருக்கிறது. மேலே கலசத்தில் தீர்த்தம் வார்க்கும் நேரத்துக்கு ஆகாயத்தில் கருடன் வந்து வட்டமிட வேண்டும். வந்தால்தான் பெருமாள் வந்து சேர்ந்துவிட்டார் என்று ஜனங்களுக்குத் திருப்தி. பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை மாதிரி. கருடன் வராத சம்ப்ரோக்ஷணத்தைப் பற்றி ஊர் நூறு வருஷம் பேசும். வரதராஜனுக்கு அந்தக் கவலை பிடித்துக்கொண்டது. அவர் யூடியூபில் நேரலை வேறு ஏற்பாடு செய்திருந்தார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் கண் விழித்துப் பார்க்கப்போகிறார்கள்.

கருடன் வரவில்லை. பழுப்புப் பறவை வந்தது.

யாகசாலைப் பந்தலுக்குக் கால் நட்ட அன்று அது தென்னையிலிருந்து தத்தித் தத்திப் பறந்து பந்தல் மூங்கிலில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது மட்டும் என்றால் பரவாயில்லை. காலில் இருந்த எலி வாலொன்றை, அப்போதுதான் மாமி கோலம் போட்டு முடித்திருந்த இடத்தில் நழுவவிட்டது.

"கழுகு!" என்றார் மாமி. "சம்ப்ரோக்ஷணத்துக்கு மூணு நாள் முன்னாடி பந்தல்ல கழுகு உட்காரலாமோ? இது நல்லதுக்கில்லே."

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் கூடியது. கூட்டைப் பிரித்துவிட வேண்டும் என்று முடிவானது. வரதராஜன் மட்டும் ஒரு சந்தேகம் கிளப்பினார். "ஒருவேளை அது கருடன் கூடா இருந்தா? கை வைக்கப்படாது. மகா அபசாரம்." எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நிபுணர் ஆனது எப்படி

என்னை எதற்குப் பார்த்தார்கள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் பறவை பார்க்கும் குழு ஒன்றில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்திரம் பேருந்து நிலையத்தில் எட்டரை மணிக்குக் கூடுவோம். பறவை பார்க்கிறவர்கள் விடியுமுன்னே கிளம்புவார்கள் என்று கேள்வி. எங்கள் குழு இட்லி, வடை, காபி எல்லாம் ஆன பிறகு கிளம்பும். கழுகு இனமெல்லாம் வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலே எழும்பினால்தான் வட்டமிடும் என்று அதற்கு விஞ்ஞானக் காரணமும் வைத்திருந்தோம். காரணம் உண்மைதான். ஆனால் நான் ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டேன் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

குழுவில் ஒரு பல் டாக்டர் உண்டு. அவருடைய கேமரா லென்ஸ் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடம் அளவு இருக்கும். வானத்தில் எது பறந்தாலும் "ஈகிள்!" என்பார். ஒருமுறை காற்றாடியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நூல் அறுந்த காற்றாடி என்பதால் மன்னித்துவிட்டோம்.

சில பனிக்காலங்களுக்கு முன் முசிறி தாண்டிக் காவிரி மணலில் நின்றுகொண்டிருந்தோம். வாழைத் தோட்டங்களுக்கு மேலே இரண்டு கழுகுகள். ஒன்று கறுப்பு கலந்த காபிப்பொடி நிறம். இன்னொன்று வயிறெல்லாம் வெளுப்பு. இரண்டும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தன. கறுப்பு இன்ன கழுகு, வெளுப்பு இன்ன கழுகு என்று டாக்டர் இரண்டு பெயர் சொன்னார். இன்னொருவர் வேறு இரண்டு பெயர் சொன்னார். வாக்குவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. எனக்கு ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குழம்புக்குக் கத்தரிக்காய் வேறு நறுக்கி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. வாங்க, பஸ் போயிடும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்று ராத்திரி டாக்டர் தன் படங்களை, விஷயம் தெரிந்த யாருக்கோ வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார். பதில் வந்தது. இரண்டும் ஒரே இனமாம். வடக்கேயிருந்து பனிக்காலத்துக்கு வரும் சிறிய கழுகு. ஒரே இனத்தில் கறுப்புச் சட்டைக்காரரும் உண்டு, வெள்ளைச் சட்டைக்காரரும் உண்டு. இரண்டுக்கும் இறக்கை தோளில் சேருமிடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அதைப் பார்த்தால் போதும். "டீச்சர் அவ்வளவு தூரத்திலேயே அந்தப் பொட்டைப் பார்த்துட்டாங்க" என்று டாக்டர் குழுவில் எழுதினார். நான் பொட்டையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. மறுத்து எழுதலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் நாற்பது பேர் கைகூப்பிவிட்டார்கள். நானும் பதிலுக்கு ஒரு கைகூப்பைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அன்றிலிருந்து நான் நிபுணர்.

யாருக்கு எந்தச் சட்டை

நிபுணர் ஆன பிறகு படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, நிறையவே படித்தேன்.

கழுகு, பருந்து வகையறாவில் இறகை வைத்து ஆளை அடையாளம் சொல்வது லேசான காரியமில்லை. பிறந்த வருஷம் ஒரு சட்டை. அடுத்த வருஷம் அங்கங்கே ஒட்டுப்போட்ட மாதிரி இன்னொரு சட்டை. பெரிய கழுகுகள் நாலைந்து வருஷம் இப்படி மாற்றிக்கொண்டே போய்த்தான் பெரியவர்களின் உடுப்புக்கு வந்து சேரும். எங்கள் ஊர் என்ஜினியரிங் பையன்கள் மாதிரி, நாலு வருஷம் என்பது கணக்கு. அரியர் வைத்தால் கூடும்.

முசிறியில் என் பிறந்த வீட்டில் இந்த வம்பே கிடையாது. அங்கே பருந்து என்றால் ஒரே இனம்தான்: கோழிக்குஞ்சைத் தூக்குவது. அம்மா கொல்லையில் நின்று "ஊய்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். சத்தத்துக்குப் பயந்து பருந்து போகும். பின்னாலேயே குஞ்சுகளும் போகும்.

ஸ்ரீரங்கத்தில் இரண்டு இனம். ஒன்று கருடன். செம்மண் நிற உடம்பு, தலையும் மார்பும் பால் வெள்ளை. தும்பைப்பூ மாதிரி அங்கவஸ்திரம் போர்த்தியவர். நடுரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவரைச் சேவிப்பார்கள். பின்னால் வருகிற பஸ் டிரைவரும் ஹார்ன் அடிக்காமல் காத்திருப்பார். மற்றதெல்லாம் 'கழுகு' என்ற இரண்டாவது இனம். அதற்குக் கல்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கருடன் பிறக்கும்போதே அங்கவஸ்திரத்தோடு பிறப்பதில்லை. முதல் வருஷம் முழுக்க அதன் பிள்ளை அழுக்குப் பழுப்பாக, மேலெல்லாம் வெளிறிய கீற்றுகளோடு இருக்கும். வெள்ளையும் கிடையாது, செம்மண்ணும் கிடையாது. பார்த்தால் அசல் கரும்பருந்து. அதாவது சந்தைக்கடையில் மீன் குடலுக்கு அலைகிற, ஆயுசு முழுக்கப் பழுப்பாகவே இருக்கிற பருந்து. இரண்டையும் பிரித்துச் சொல்ல வாலைப் பார்க்க வேண்டும். கரும்பருந்துக்கு வால் நுனி நடுவில் பிளந்திருக்கும். கருடன் பிள்ளைக்கு உருண்டையாக இருக்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்று இதைப் படிக்கிற யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

இரண்டு பக்க அறிக்கை

மொட்டை மாடிக்குத் திரும்புகிறேன். என் பக்கத்தில் வரதராஜன். அவருக்குப் பக்கத்தில் பழனிச்சாமி. பழனிச்சாமி எங்கள் தெருவில் எல்லாத் தென்னைக்கும் ஏறி இறங்குகிறவர். மறுநாள் கூட்டைப் பிரிக்க அவரைத்தான் சொல்லியிருந்தார்கள். மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

பறவை மட்டையில் நின்று இறக்கையை விரித்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தது. வாலும் விசிறி மாதிரி விரிந்திருந்தது. பழுப்பு. கீற்று. எலி தின்கிற ஜாதி.

"கரும்பருந்து" என்றேன்.

"கருடன் குஞ்சுங்க அது" என்றார் பழனிச்சாமி. கேட்காமலே சொன்னார். "போன மாசம் காய் பறிக்க ஏறுனேன். வெள்ளைத் தலை வந்து மண்டையில கொத்திடுச்சுங்க. இதோ பாருங்க." தலைத் துண்டை அவிழ்த்து, குனிந்து, உச்சியில் ஒரு வடுவைக் காட்டினார்.

"கருடன் தன்னோட எல்லைக்குள்ள யார் வந்தாலும் கொத்தும். அதுக்காக எல்லாக் கூடும் அதுக்குச் சொந்தம்னு ஆயிடுமா?" என்றேன். இந்த வாதத்தை நான் எங்கும் படிக்கவில்லை. அந்த நிமிஷத்தில் என் வாயிலேயே பிறந்தது.

"வால் ரவுண்டா இருக்குதுங்களே?"

இந்த இடத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன். கரும்பருந்தும் வாலை முழுக்க விரித்தால் பிளவு மறைந்து நேராகத் தெரியும் என்று நான் படித்திருந்தேன். படித்ததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? "விரிச்சா அப்படித்தான்பா தெரியும். மடக்குறப்போ பாரு, பிளவு இருக்கும்" என்றேன். மடக்கும் வரை நான் காத்திருந்தேனா? இல்லை. உச்சி வெயில். பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி உறையில் போட்டுவிட்டேன்.

பழனிச்சாமி விடவில்லை. "நாளைக்கு நான் ஒம்போது மணிக்குத்தாங்க ஏறுவேன். அதுக்கு முன்னாடி காலைல ஆறு மணிக்கு வந்து ஒரு தடவை பார்த்துடுங்க. அம்மாக்காரி இரை கொண்டாந்து ஊட்டும். வெள்ளைத் தலையா இல்லையான்னு உங்க கண்ணாலயே பார்த்துக்கலாம்."

"ஆறு மணிக்கா?" என்றேன்.

வரதராஜன் நடுவில் புகுந்தார். "பழனி, டீச்சர் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவா. நீ ஏன் தர்க்கம் பண்றே? டீச்சர், நீங்க ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடுங்கோ. ஃபைல்ல இருக்கட்டும்."

ரெண்டு வரியா? நான் இரண்டு பக்கம் எழுதினேன். பென்சிலால் இரண்டு வால்கள் வரைந்து, அம்புக்குறி போட்டு, பாகங்களைக் குறித்தேன். கடைசியில், "மேற்படி பறவை கருடன் இல்லை என்று உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதி, பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்களையும் போட்டுக் கையெழுத்திட்டேன். வரதராஜன் அதை ஜெராக்ஸ் எடுத்து லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். போகும்போதும் வரும்போதும் நின்று படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். அடித்தது. அணைத்தேன்.

கூடைக்குள்

ஒன்பதரைக்குச் சத்தம் கேட்டுக் கீழே இறங்கினேன். பழனிச்சாமி கூட்டைப் பிரித்துவிட்டார். குச்சிகளும், பச்சை இலைகளும், யாருடைய கொடியிலிருந்தோ போன ஒரு குழந்தைச் சாக்ஸும் மண்ணில் கிடந்தன. பறவை நேராகப் பறக்கத் தெரியாமல் காம்பவுண்டுச் சுவரில் மோதி, செம்பருத்திச் செடிக்குள் விழுந்திருந்தது. அதைத் துண்டு போட்டுப் பிடித்து மூங்கில் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார்.

"கொள்ளிடக் கரையில கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுறேங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"ஒரு நிமிஷம்" என்று கூடையைத் தூக்கிப் பார்த்தேன்.

இத்தனை வருஷத்தில் அந்த இனத்தில் ஒன்றை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பழுப்பு இறகின் நுனியிலும் வெளிர்மஞ்சளாக ஒரு துளி, யாரோ உட்கார்ந்து மெனக்கெட்டு வைத்த மாதிரி. பயத்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டிருந்தது. இறக்கை ஒடுங்கியிருந்தது. வாலும் மடங்கியிருந்தது.

மடங்கிய வாலில் பிளவு இல்லை. உருண்டையாக இருந்தது.

வாலை விரலால் நீவிக்கூடப் பார்த்தேன். மறுபடியும் உருண்டையாகவே இருந்தது.

சொல்லியிருக்கலாம். "பழனி, தப்பு என் மேலதான். அந்தக் கூட்டைக் குச்சி குச்சியாப் பொறுக்கி அதே மரத்துல வை. இதைக் கொண்டுபோய் மட்டையில விடு. அம்மாக்காரி தேடி வந்துடும்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் பின்னால் வரதராஜன் நின்றார். வேதவல்லி மாமி நின்றார். பந்தல்காரர்கள் நின்றார்கள். நோட்டீஸ் போர்டில் இரண்டு பட்டங்களோடு என் கையெழுத்து நின்றது.

"என்ன டீச்சர்?" என்றார் வரதராஜன்.

"ஒண்ணுமில்ல. கரும்பருந்துதான்" என்றேன். கூடையை மூடினேன்.

பழனிச்சாமி கூடையை டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

கருடா, கருடா

அடுத்த நாள் சம்ப்ரோக்ஷணம். காலையிலேயே காம்பவுண்டு கொள்ளாத கூட்டம். பட்டுப்புடவை, பஞ்சகச்சம், நாதஸ்வரம், நேரலைக்காரர்களின் வயர். சாரத்தின் மேல் பட்டர் கலசத்துக்குத் தீர்த்தம் வார்க்கக் குடத்தோடு தயாராக நின்றார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷமே இருந்தது. முந்நூறு கழுத்துகள் ஆகாயத்தைப் பார்த்து வளைந்திருந்தன. ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. வரதராஜனுக்கு வியர்வையில் திருமண் கரைந்து மூக்கு வரை வந்துவிட்டது.

அப்போது கொள்ளிடத்துப் பக்கமிருந்து வந்தது. செம்மண் நிறம். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு. நேராகப் பந்தலுக்கு மேலே வந்து வட்டமிட்டது.

"கருடா! கருடா!" என்று எழுந்த சத்தத்தில் நாதஸ்வரமே காணாமல் போயிற்று. குடத்தைச் சாய்த்தார்கள். மூன்று வட்டம் போட்டால் விசேஷம் என்பார்கள். இது நான்கு, ஐந்து, ஆறு என்று போட்டுக்கொண்டே இருந்தது. இன்னொன்றும் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் தாழ இறங்கின. மேலே போயின. மறுபடி இறங்கின. இந்த மாதிரித் தரிசனத்தை ஜன்மத்தில் பார்த்ததில்லை என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வரதராஜன் வாய்விட்டு அழுதார். அமெரிக்காவிலும் அழுதிருப்பார்கள்.

அவை பந்தலைச் சுற்றவில்லை. பந்தலை ஒட்டி நின்ற தென்னையைச் சுற்றின. கூட்டத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். பழனிச்சாமி கேட் பக்கம் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"கால்ல ஏதோ இருக்கு! கால்ல பாருங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். துளசி மாலை என்றார் ஒருவர். சர்ப்பம் என்றார் இன்னொருவர். வரதராஜன் மைக்கோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தார். "டீச்சர், பைனாகுலர்ல பார்த்துச் சொல்லுங்கோ! லோகமே கேட்டுண்டிருக்கு!"

பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது.

"மீன்" என்றேன்.

அத்தனை ஸ்பீக்கரிலும் 'மீன்' என்றது. அக்காரவடிசலும் புளியோதரையும் மணக்கிற இடத்தில், சம்ப்ரோக்ஷண வேளையில், மீன். முன்வரிசையில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மேலே சாரத்திலிருந்து பட்டர் மட்டும் அசரவில்லை. "மத்ஸ்யாவதாரம்! சாட்சாத் மத்ஸ்யாவதாரம்!" என்று இரண்டு கையையும் தூக்கினார். முந்நூறு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அது குஞ்சுக்குக் கொண்டு வந்தது" என்றேன். அதற்குள் மைக் வேறு பக்கம் போய்விட்டது. மாமி மட்டும் திரும்பி, "என்ன சொன்னேள்?" என்றார். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, "ஒண்ணுமில்ல மாமி" என்றேன். இரண்டு நாளில் இரண்டாவது 'ஒண்ணுமில்ல'.

பிறகு மேடைக்குக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சகுனத் தடையை விஞ்ஞானபூர்வமாக நீக்கிக் கருடாழ்வாருக்கு வழி செய்து கொடுத்தவர் என்று வரதராஜன் என் அறிக்கையிலிருந்து நாலு வரி வாசித்தார். கைதட்டினார்கள். கும்பிட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்த நாள் வேறில்லை. இதை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது.

பந்தி முடிந்ததும் பழனிச்சாமியின் வண்டியில் ஏறிக் கொள்ளிடக் கரைக்குப் போனேன். அவர் விட்ட இடத்தைக் காட்டினார். நாணல் புதர். பக்கத்தில் நாலைந்து நாய்கள் படுத்திருந்தன. புதரைக் கிளறினோம். கரை நெடுக நடந்தோம். ஒன்றும் இல்லை.

"பறந்து போயிருக்கும்ல?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னும் சரியாப் பறக்க வரலியேங்க" என்றார். அப்புறம் நான் பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, "பறந்திருக்கும், பறந்திருக்கும்" என்றார்.

திரும்பி வந்து மொட்டை மாடிக்கு ஏறினேன். வெயில் சாய்ந்துவிட்டது. கீழே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூடு இருந்த தென்னை மட்டையில் கருடன் ஒன்று உட்கார்ந்திருந்தது. அங்கவஸ்திரமெல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. காலுக்கடியில் ஒரு மீனை அழுத்திப் பிடித்திருந்தது. காலையில் கொண்டு வந்த மீனா, அதற்குப் பிறகு பிடித்து வந்த வேறு மீனா என்று சொல்ல மாட்டேன். இனி எதையும் உறுதியாகத் தெரிவித்துக்கொள்வதாக இல்லை.

இருட்டும் வரை பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பார்த்தேன். அது அந்த மீனைத் தின்னவில்லை.